38 டிகிரி

2020 பிப்ரவரி கடைசியில், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மறுநாள் என் பயாப்ஸி முடிவு வந்தது. வீட்டில் அன்று யாரும் செய்தி பார்க்கவில்லை.

ஆபரேஷனுக்குக் குறித்த தேதி தள்ளிப்போனது. "புற்றுநோய் காத்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். என்னுடையது ஹார்மோனைத் தின்று வளரும் வகை, எனக்கு மாதவிடாயும் நின்றிருந்தது. அதனால் லெட்ரோசோல் மாத்திரையால் சில வாரம் கடிவாளம் போட்டு வைக்கலாம் என்றார். நம்பினேன். ஆனாலும் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மே மாதம் ஆபரேஷன் நடந்தது. கூட யாருக்கும் அனுமதி இல்லை. வடிகுழாயும் பையுமாக நானே கட்டிலை விட்டு இறங்கப் பழகினேன். டாக்டர் வரும்போதெல்லாம் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்துவிடுவேன். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து என் கணவர் நோட்டில் எழுதிக்கொள்வார். அக்குளில் இரண்டு நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்ததை அப்படித்தான் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். நான் அழவில்லை. ஸ்பீக்கரில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அப்புறம் கீமோ. முதல் நான்கு தவணை அந்தச் சிவப்பு மருந்து. எனக்கு வாந்தியை விடப் பெரிய தொல்லை, உடம்பில் எது வந்தாலும் அதற்கு இரண்டு அர்த்தம் இருந்ததுதான். நாக்கில் ருசி போனால் கீமோவா, கொரோனாவா? உடம்பு வலித்தால் வெள்ளை அணுக்களை ஏற்றப் போட்ட ஊசியா, தொற்றா? காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே இருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் வாருங்கள், அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் போடக் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும் என்று எனக்குச் சொன்னார்கள்.

இரண்டாவது தவணை முடிந்து ஒன்பதாம் நாள் ராத்திரி 38.2. வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்கள் அவை. அவசரப் பிரிவு வாசலில் "காய்ச்சலா? அந்த வரிசை" என்று கொரோனா வரிசையைக் காட்டினார்கள். அந்த வரிசையில் நின்று இருமுபவர்களைப் பார்த்தபோது வந்த பயம் புற்றுநோய் என்றபோதுகூட வந்ததில்லை. கீமோ நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினேன். அதைப் படித்த நர்ஸ் என்னைத் தனி அறைக்கு இழுத்துக்கொண்டே போனார். ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் வெறும் 300தான் இருந்தது. கொரோனா இல்லை என்று மறுநாள் தெரிந்தது. கீமோவில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்வதென்றால், அந்த அட்டையைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

முடி கொட்டியது பெரிதாகப் படவில்லை, பார்க்கத்தான் யாரும் இல்லையே. ஆனால் மாஸ்க் போட்டால் வெளியே தெரிவது கண்ணும் புருவமும்தான். எனக்குப் புருவமும் போயிருந்தது. அன்று கண்ணாடியில் பார்த்த முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அடுத்த கீமோ மருந்தான பாக்லிடாக்ஸெல், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு தவணை, விரல் நுனி மரத்துப்போனதோடு முடிந்தது. கதிர்வீச்சில் ஒரே வாரத்தில் ஐந்து முறை கொடுத்தால் போதும் என்று 2020 ஏப்ரலில்தான் ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. ஆசையாகக் கேட்டேன். முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் எனக்குப் பதினைந்து. சரி, மூன்று வாரம்.

2021இல் தடுப்பூசி. ஆபரேஷன் ஆன பக்கம் வேண்டாம் என்று வலது கையில் போட்டார்கள். நான்காம் நாள் வலது அக்குளில் ஒரு கட்டி! ஊசிக்கு முடிச்சு வீங்குவது உண்டு, ஆறு வாரம் பொறுத்து ஸ்கேன் பார்ப்போம் என்றார் டாக்டர். அந்த ஆறு வாரத்தை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள்.

வீக்கம் வடிந்திருந்தது. அன்றுதான் முதன்முறையாக என் கணவரையும் அறைக்குள் விட்டார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் அவர் நோட்டைத் திறந்தார்.