அம்பாசடரின் இரும்பு விசிறியைக் கழற்றும் நாட்கள்

ஏப்ரல் 9

அம்பாசடர் மறுபடியும் கொதித்தது. கத்திபாரா மேம்பாலம் ஏறும் முன் இருபது நிமிடம் நின்றதுதான் காரணம். நகரத் தொடங்கியதும் வெப்பமானி முள் இறங்கிவிட்டது. நிற்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது. ஓட ஓட ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் குறை: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், தண்ணீர் சூடானதும் வழிவிட வேண்டியும் திறக்காத தெர்மோஸ்டாட். இது காற்றுதான்.

ஏப்ரல் 10

இரும்பு விசிறி வாட்டர் பம்ப் புல்லியோடு போல்ட் போட்டு இறுகியிருக்கிறது. என்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். காற்று அதிகம் வேண்டியிருக்கும் ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது, மிக மெதுவாகச் சுற்றுகிறது. நெடுஞ்சாலையில் கிரில் வழியாகவே காற்று அள்ளிக்கொண்டு வரும்போது, தேவையில்லாமல் வேகமாகச் சுற்றுகிறது. விசிறி தின்னும் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும்: 800 சுற்றிலிருந்து 3200-க்குப் போனால் வேகம் 4 மடங்கு, சக்தி 64 மடங்கு. 1489 சி.சி. என்ஜினிடமிருந்து அதைப் பிடுங்குவது பாவம்.

ஆனாலும் அந்த இரும்பு விசிறி ஒருநாளும் நின்றதில்லை. பெல்ட் இருக்கும்வரை சுற்றும்.

ஏப்ரல் 12

விசிறியைத் தொடுமுன் மற்றதையெல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்து ராடு விட்டதில் பழுப்புச் சேறு வந்தது. பித்தளை, செம்பு ரேடியேட்டர் என்பதால் பற்றவைத்து மூட முடிகிறது. கீழ் ஹோஸுக்குள் இருக்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்துத் துண்டாகக் கிடந்தது. அது இல்லாவிட்டால் பம்ப் உறிஞ்சும் வேகத்தில் ஹோஸ் சப்பிப்போய் ஓட்டம் நின்றுவிடும். தெர்மோஸ்டாட் புதிது, 82 டிகிரி. ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு. ரப்பர் விளிம்பு வெடித்திருந்ததால் அதையும் மாற்றினேன். 7 பவுண்டு அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூட 111 டிகிரி வரை கொதிக்காது. நிற்காவிட்டால் 100-தான். மலை மேல் அதுவும் கிடையாது.

ஏப்ரல் 13

ஏற்காட்டுப் பயணத்துக்கு இன்னும் 41 நாள்.

ஏப்ரல் 16

புதுப்பேட்டை, பழைய உதிரிபாகக் கடைகள். சிறிய கார் ஒன்றின் 12 அங்குல மின்விசிறி, மோட்டாரோடு கிடைத்தது. கடையிலேயே பேட்டரி கொடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கையால் சுற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது, தண்டை ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. கிளாம்ப் மீட்டரில் ஓடும்போது 9 ஆம்பியர். புறப்படும் நொடியில் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு எகிறியது. ஃபியூஸுக்கு அந்த எகிறல்தான் கணக்கு.

என்ஜின் பக்கம் நின்று காற்றை இழுக்கும் வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். கிரில் பக்கம் நின்று தள்ளும் வகை, ஓடும்போது வரும் காற்றுக்குத் தானே தடையாக நிற்கும்.

ஏப்ரல் 19

ரேடியேட்டர் வலை 45-க்கு 40 செ.மீ., 1800 சதுர செ.மீ. 12 அங்குல வட்டம் 730. விசிறியை அப்படியே வலைமேல் ஒட்டினால் பாதிக்கும் குறைவான இடம்தான் காற்று வாங்கும். மூலைகள் நான்கும் வீண். பலரும் இங்கேதான் தவறிவிட்டு, மின்விசிறி போதவில்லை என்று திரும்ப இரும்புக்குப் போகிறார்கள்.

ஆகவே கூடு. 1 மி.மீ. அலுமினியத் தகடு, டிங்கர் கடையில் மடித்து வாங்கினேன். வலை முழுவதையும் மூடி, விளிம்பில் ஸ்பாஞ்ச் ரப்பர், நடுவில் விசிறிக்கு வட்டம். இறக்கை நுனிக்கும் வட்டத்துக்கும் 6 மி.மீ. இடைவெளி. இறக்கைக்கும் வலைக்கும் 4 செ.மீ.; இதைக் குறைத்தால் ஓரங்களிலிருந்து காற்று வந்து சேராது. மூலைகளில் உள்ளங்கை அளவு துளை, அதன்மேல் என்ஜின் பக்கமாகத் தொங்கும் ரப்பர் மடல். நிற்கும்போது விசிறி இழுக்க, மடல் ஒட்டி மூடிக்கொள்ளும். வேகத்தில் காற்று அதைத் தள்ளித் திறந்துகொள்ளும்.

வலைக்கு நடுவே பிளாஸ்டிக் கம்பி குத்தி விசிறியைக் கட்டும் முறை வேண்டவே வேண்டாம். அதிர்வில் அது குழாயை அரமாக அறுத்துவிடும். கூடு ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில்தான் நிற்க வேண்டும்.

ஏப்ரல் 20

இரும்பு விசிறி கழன்றது. நான்கு போல்ட். விசிறி போனதும் அதன் தடிமன் குறைகிறது, போல்ட் அந்த அளவுக்கு உள்ளே நீளும். அதே போல்ட்டைத் திரும்ப முடுக்கினால் நுனி பம்ப் உடலில் உரசும், அல்லது புல்லி இறுகாமலே இறுகியதுபோல் தோன்றும். தடிமனை வெர்னியரில் அளந்து, அந்த அளவு குட்டையான போல்ட் போட்டேன், ஸ்பிரிங் வாஷரோடு. பெல்ட் பழையபடியே: நீண்ட பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 12 மி.மீ.

பழைய விசிறியும் பழைய போல்ட்டும் துணியில் சுற்றி டிக்கியில்.

ஏப்ரல் 22

வண்டிக்கு மின்சாரம் தரும் டைனமோ 22 ஆம்பியருக்கு மேல் தராது, ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஹெட்லைட் 10, மற்ற விளக்குகள் 2, இக்னிஷன் 4, விசிறி 9. மொத்தம் 25. இரவில் சிக்னலில் நின்றால் எல்லாம் பேட்டரி தலையில்.

டைனமோவுக்குப் பதில் 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஏற்றினேன். பேட்டரிக்குப் போகும் வயர் 6 சதுர மி.மீ. பழைய ரெகுலேட்டர் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும், ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறது. சார்ஜ் விளக்கை மட்டும் விடக்கூடாது. அதன் வழியாகத்தான் முதல் மின்சாரம் போய் ஆல்டர்னேட்டர் விழிக்கிறது. பேட்டரியின் எந்த முனை எர்த் (வண்டி உடலோடு இணைப்பு) என்று முதலில் பார்ப்பது மிக முக்கியம். மாற்றிக் கொடுத்தால் டயோடு அந்தக் கணமே போகும். ஐட்லிங்கில் இப்போது 16 வருகிறது. மிச்சம் பேட்டரிதான், ஆனால் விசிறி விட்டுவிட்டுத்தானே ஓடும்.

ஏப்ரல் 24

விசிறி நின்றால் எப்படித் தெரியும்?

ஏப்ரல் 26

வயரிங். பேட்டரியிலிருந்து 25 ஆம்பியர் ஃபியூஸ், ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். அங்கிருந்து ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) 30-ஆம் முனை. 87-லிருந்து மோட்டார். 86 இக்னிஷனில், 85 வெப்ப சுவிட்ச் வழியாக எர்த்துக்கு. 30-ஐ இக்னிஷன் சாவியிலிருந்து எடுக்கக் கூடாது. சாவியின் தொடுமுனை கருகும், அதோடு சாவியை அணைத்த பின்னும் சுழலும் இறக்கை மோட்டாரை ஜெனரேட்டராக்கி இக்னிஷன் காயிலுக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். என்ஜின் உடனே அணையாது.

85-க்கு டாஷ்போர்டிலிருந்து இன்னொரு வயர், ஒரு சாதாரண சுவிட்ச், எர்த். வெப்ப சுவிட்ச் செத்தாலும் கையால் விசிறியைப் போடலாம். மலைக்கு இது இல்லாமல் ஏறக்கூடாது.

ஏப்ரல் 27

காற்று முன்பக்கம் போகிறது. முனை மாறிவிட்டது. மாற்றிப் போட்டு, கிரில் பக்கம் ஒரு தினசரித் தாளை நீட்டினேன், வலையில் ஒட்டிக்கொண்டது.

ஏப்ரல் 30

மேல் ஹோஸை வெட்டி நடுவே பித்தளைக் குழாய். லேத் அண்ணன் கடைந்து, 22 மி.மீ. விட்டம் 1.5 பிச் மரை போட்டுக் கொடுத்தார். சுவிட்ச் இறுகியது, கசிவில்லை. விசிறி மட்டும் வரவில்லை. ஒற்றை முனை சுவிட்ச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ், பித்தளை நடுவில் அனாதையாக நிற்கிறது. குழாயைச் சுற்றி ஒரு கிளிப், அதிலிருந்து என்ஜினுக்கு வயர். வந்துவிட்டது.

மே 2

இப்போது நிற்கவே மாட்டேன் என்கிறது. சுவிட்சைக் கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் மல்டிமீட்டருமாகச் சூடாக்கினேன். 87 டிகிரியில் இணைகிறது, 82-ல்தான் பிரிகிறது. தெர்மோஸ்டாட்டே 82. மேல் ஹோஸில் வரும் தண்ணீர் அதற்குக் கீழே இறங்கவே இறங்காது, விசிறிக்கு ஓய்வே கிடையாது. 92-ல் இணைந்து 87-ல் பிரியும் சுவிட்ச் வேண்டும். அளவைக் கடைக்காரர் வாயால் நம்பாமல் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மே 4

கத்திரி தொடக்கம். பயணத்துக்கு 20 நாள்.

மே 7

பேட்டரியில் 14.1. மோட்டார் முனையில் 12.9. எங்கே போனது 1.2 வோல்ட்?

கணக்கு இது. 1 சதுர மி.மீ. செம்பு வயர் மீட்டருக்கு 17 மில்லி ஓம். போக வர 6 மீட்டர், 9 ஆம்பியர்: 0.9 வோல்ட் அதிலேயே போகும். 4 சதுர மி.மீ. என்றால் 0.23-தான். ஆனால் நான் போட்டது 4. மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த்திலும் மற்றதைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் 0.9 காட்டியது. எர்த்தைச் சட்டத்தின் பெயின்ட் மேலேயே முடுக்கியிருக்கிறேன். சுரண்டி, கிரீஸ் தடவி, நேராக பேட்டரி வரை ஒரு 4 சதுர மி.மீ. வயர். இப்போது 13.8. விசிறியின் சத்தமே மாறிவிட்டது.

மே 8

ரிலே பிளேடு, சுவிட்ச், மோட்டார் பிரஷ், ஃபியூஸ், எர்த். ஐந்து இடம். எதில் அறுந்தாலும் சத்தமில்லாமல் நிற்கும். முள் ஏறிய பிறகே தெரியும். ஏறும்போது கண் வளைவில் இருக்கும், முள்ளில் இருக்காது.

மே 11

விளக்கு போட்டால் போதாது. மோட்டாருக்கு இணையாகப் போட்ட விளக்கு, மின்சாரம் வந்தது என்று மட்டும்தான் சொல்லும். பிரஷ் தேய்ந்து மோட்டார் நின்றாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அது பொய்யான தைரியம்.

ஆம்பியரைப் பார்க்க வேண்டும். 9 என்றால் சுற்றுகிறது. 0 என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. 20-க்கு மேலே நின்றால் இறக்கை சிக்கியிருக்கிறது, ஃபியூஸ் போகப்போகிறது. 50 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷன்ட் (விழும் வோல்ட்டை வைத்து ஆம்பியரை அளக்க உதவும் சிறு மின்தடை) ஒன்றை ரிலேக்குப் பக்கத்தில் வைத்தேன். 9 ஆம்பியருக்கு அதில் 13.5 மில்லிவோல்ட்தான் விழும், விசிறிக்கு நட்டமில்லை. டாஷ்போர்டு மீட்டருக்கு மெல்லிய வயர் போதும், தடித்த வயரைக் காருக்குள் இழுக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 24-லிருந்து இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மே 15

கத்திபாரா, மதியம் 2 மணி, நின்ற இடத்தில் 25 நிமிடம். 92-ல் விசிறி வந்தது, மீட்டரில் 9.1. முள் 94 வரை போய்த் திரும்பியது. இரண்டு நிமிடத்துக்குள் 87, விசிறி நின்றது. நான்கு நிமிடம் கழித்து மறுபடி. நெடுஞ்சாலையில் 70 கி.மீ. வேகத்தில் ஒருமுறைகூட வரவில்லை.

மே 16

என்ஜினை அணைத்த பின் தண்ணீர் ஓட்டம் நிற்கிறது, என்ஜின் தலையின் சூடு உள்ளேயே தேங்கி முள் ஏறுகிறது. ஏற்றம் முடிந்ததும் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைக்க வேண்டும்.

மே 19

9.1. 9.0. 9.1.

மே 22

இன்று காலை 9.8. மூன்றுமுறை பார்த்தேன், 9.8தான். கூட்டைக் கழற்றிப் பார்த்ததில் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் வறண்டிருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய். 9.2. விளக்கு மட்டும் போட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

டிக்கி: இரும்பு விசிறி, நீள போல்ட் நான்கு, ஸ்பேனர், ஒரு ரிலே, ஃபியூஸ் இரண்டு, 10 லிட்டர் தண்ணீர்.

மே 24, காலை 6.40

ஏற்காடு அடிவாரம். முள் 84, மீட்டர் 0. கை சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன், 9.1. அணைத்தாயிற்று. இருபது வளைவு. பின்சீட்டில் தலையணை சரியாக இருக்கிறதா என்று கேட்டாயிற்று. இரண்டாம் கியரில் ஏறுகிறோம்.