கீழ் வரிசை முன்பல்

ஜூலை 14

ஆனியின் கடைசி முகூர்த்தம், குத்தாலத்தில். நாயனத்தில் மேல் ஸ்தாயியில் கொஞ்சம் நின்றபோது உதட்டுக்குப் பின்னால் கீழ் முன்பல் உள்ளே சாய்ந்தது. ஸ்வரம் பிசகவில்லை, யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

ஜூலை 15

நாக்கு அங்கேயே போகிறது.

ஜூலை 18

கும்பகோணம். டாக்டரம்மாவுக்கு என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, ஒரு பல்லுக்கு ஆறு இடம் அளந்தார். அவர் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதிக்கொண்டே வந்தார். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லையாம். எனக்குக் கீழ் முன்பற்களில் 6, வலது கடைவாயில் 7. பாக்கெட் என்கிறார்கள் அந்தப் பள்ளத்தை. எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருப்பதைக் காட்டினார். "இறங்கின எலும்பு தானா ஏறாதுங்க ஐயா. இன்னும் இறங்காம நிறுத்தப் பார்க்கலாம்."

சர்க்கரையைக் கேட்டார். மூன்று மாத சராசரி 8.4. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு புண்ணாக இருந்தால் சர்க்கரையும் இறங்க மறுக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்.

நான் நாயனம் வாசிக்கிறவன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஊதுகிற நாணல் சீவாளி உதட்டில் எங்கே உட்காரும், பல்லில் எவ்வளவு அழுத்தம் விழும் என்று கேட்டுக்கொண்டார். இதைக் கேட்ட முதல் டாக்டர் இவர்தான்.

ஜூலை 19

அம்மாவுக்கு ஒரே பேச்சு. கொல்லையில் கற்றாழை செழித்துக் கிடக்கிறது, ஊசி எதற்கு, சுரண்டல் எதற்கு, ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். காலையில் ஒரு மடல் வெட்டி, மஞ்சள் பால் வடியவிட்டு, ஏழு தண்ணீரில் கழுவி, சோற்றைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஈறில் தடவிக்கொண்டேன். குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் 6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதை விரல் எப்படித் தொடும்?

ஜூலை 22

ஆடி பிறந்தாயிற்று, கல்யாணம் கிடையாது, இதைவிட்டால் நேரமில்லை. இன்று வலது பக்கம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டினார். வந்த காரையைக் காட்டினார். கறுப்பாக, கல் மாதிரி.

அப்புறம்தான் ஜெல். மஞ்சளில் இருக்கும் குர்குமினை எடுத்துச் செய்தது, மொட்டை ஊசி வழியாக 5க்கு மேல் ஆழமான பாக்கெட்டுகளில் மட்டும் விட்டார். ஏன் முதலிலேயே விடவில்லை என்று கேட்டேன். காரையின் மேல் கிருமிகள் படலமாகப் படிந்திருக்குமாம், படலத்தைக் கருவியால் கலைக்காமல் மருந்து உள்ளே போகாது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன்னால் வாய்க்கால் தூர் வாருகிற கதைதான். ஈறு இடுக்கில் எப்போதும் ஒரு நீர் ஊறி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், தண்ணீராக விட்டால் சீக்கிரம் போய்விடும், அதனால்தான் கெட்டியான ஜெல். மஞ்சளைத் தின்றால் போதாதா என்றதற்கு, தின்கிற குர்குமின் ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் சேரும் என்றார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன்னால் வாய்க்கால் தூர் வாருகிற கதைதான்.

"ஜெல்லால எவ்வளவு கேக்கும்?"

"க்ளீனிங்தான் பெரிய வேலை. ஜெல் கூடக் கொஞ்சம் உதவலாம். நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னது, சிலதுல நல்லது தெரிஞ்சிருக்கு, சிலதுல வித்தியாசமே இல்ல. உறுதியா சொல்ல மாட்டேங்க."

அப்படிச் சொன்னதால்தான் நம்பிக்கை வந்தது.

ஜூலை 25

இடது பக்கமும் ஆயிற்று. தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது. கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பில் காபி காபியாக இல்லை.

ஜூலை 30

வாசிக்கவில்லை. எடுத்துத் துடைத்து உறையில் போட்டேன்.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. படித்துறையில் கூட்டம், தண்ணீர் மேல்படி வரை. காப்பரிசியை மெல்ல முடியவில்லை, வாயில் ஊறவைத்து விழுங்கினேன். காலையில் பிரஷில் ரத்தம் இல்லை. இதை அங்கே யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை, ஆனால் எனக்கு இன்றைக்குத் திருவிழா அதுதான்.

ஆகஸ்ட் 7

கோபம் இன்னும் ஆறவில்லை. தவில்கார மச்சான் ஒரு டியூப் வாங்கி வந்திருக்கிறார். மூலிகை ஜெல், தடவினால் போதும், க்ளீனிங்கே தேவையில்லை என்று விற்றவன் சொன்னானாம். மச்சானுக்குப் பீடி உண்டு. பீடி குடிக்கிறவர்களுக்கு ஈறில் ரத்தம் அவ்வளவாக வராது, உள்ளே நோய் முற்றுவது தெரியாமலே போகும். ரத்தம் வரவில்லையே, எனக்கென்ன என்கிறார். வேம்பும் மஞ்சளும் கற்றாழையும் நம் வீட்டுப் பொருள்கள், அவற்றின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி ஒருவனைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்பாவுக்கு வெற்றிலையும் புகையிலையும். முன்பற்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகு சீவாளி நிற்கவில்லை. மேல் ஷட்ஜம் போனது, அப்புறம் மத்யமமும் நடுங்கியது. கடைசி வருஷங்களில் திண்ணையில் உட்கார்ந்து நான் வாசிக்கத் தாளம் மட்டும் போடுவார். அவரிடம் யாரும் கம்பியைவிட்டு அளக்கவில்லை.

மச்சானைக் கும்பகோணத்துக்கு இழுத்துக்கொண்டாவது போவேன்.

ஆகஸ்ட் 10

நாக்கை வைத்து அழுத்திப் பார்க்கக்கூடாது. அழுத்திப் பார்த்தேன். ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கிறது. மாதிரிதான்.

ஆகஸ்ட் 13

திருவாவடுதுறைச் சீவாளி, இளசாக ஒன்று. கீழ் ஸ்தாயி மட்டும். கல்யாணி பஞ்சமம் வரை போய்த் திரும்பினேன்.

ஆகஸ்ட் 21

ஆவணி முதல் முகூர்த்தம். கெட்டிமேளம் வரை தாங்கியது. பல் இடுக்குப் பிரஷ் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 29

திரும்ப அளந்தார். முன்பற்களில் 6 இருந்த இடம் 4. வீக்கம் வற்றியதால் ஆட்டமும் குறைந்திருக்கிறது. எதில் க்ளீனிங் பங்கு, எதில் ஜெல் பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்குப் பிரிக்க வேண்டியதில்லை.

கடைவாய் 7லிருந்து 6. அங்கே கம்பி பட்டதும் ரத்தம் வந்தது. ஈறைத் திறந்து சுத்தம் செய்யவேண்டி வரலாம், செய்தால் ஆறும்வரை நாயனத்தைத் தொடக்கூடாது என்றார். புரட்டாசியில் கல்யாணம் இல்லை, அப்போது வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை மட்டும் இறங்கவேண்டும்.

ஆகஸ்ட் 31

நவராத்திரிக்கு ஒன்பது நாளும் வாசிக்கவேண்டும் என்று கோயிலிலிருந்து ஆள் வந்தார். புரட்டாசியில்தான் வருகிறது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.