பவர் டேபிள் யார் பேரில்?

நானும் அண்ணியும் சேர்ந்து திருப்பூர் வேலம்பாளையத்தில் பவர் டேபிள், அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் யூனிட், போடப் போகிறோம் என்றதும் வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "ஒருத்தர் பேர்ல போட்டுக்கங்க. மத்ததெல்லாம் உங்களுக்குள்ள பாத்துக்கலாம்."

ஒருவர் பெயரில் தொடங்குவது உண்மையிலேயே சுலபம். சொந்த பான் கார்டு போதும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது. வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் திறந்தால் வேலையை ஆரம்பித்துவிடலாம். ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க் (அடுத்தவர் துணியைக் கூலிக்குத் தைப்பது) சேவைக் கணக்கில் வருகிறது. அதனால் ஜிஎஸ்டி பதிவுக்குப் பொருள் விற்பவர்களுக்கு உள்ள 40 லட்ச ஆண்டு வரவு வரம்பு நமக்குப் பொருந்தாது, 20 லட்சம்தான். அதைத் தாண்டும்வரை அந்தக் கவலையும் இல்லை. வருமான வரியிலும் லாபம்தான்: புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் இருந்தால், தள்ளுபடி போக வரி ஒன்றும் வராது.

ஆனால் யார் பெயர்? எனக்கு பனியன் கம்பெனிகளில் செக்கிங், மெர்ச்சண்டைசிங் என்று பழக்கம். ஆர்டர் என்னால் வரும். அண்ணிக்கு ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் இரண்டிலும் கை ஓடும், டெய்லர்களை வைத்து வேலை வாங்கவும் தெரியும். மெஷினுக்கு முன்பணம் அவருடைய சீட்டுப் பணமும் நகையும். என் பெயரில் மட்டும் போட்டால் அந்தப் பணம் காகிதத்தில் எனக்குக் கொடுத்த கைமாற்று, அவர் என்னிடம் சம்பளத்துக்கு இருக்கும் டெய்லர். இந்த ஊரில் புருஷன் பெயரிலோ, மச்சான் பெயரிலோ கம்பெனி இருக்க, காலை எட்டரைக்கு வந்து ராத்திரிவரை உழைத்த பெண்கள் குடும்பத்தில் ஒரு சண்டை வந்ததும் வெறுங்கையோடு வெளியே போனதைப் பார்த்திருக்கிறேன். யாருடைய தொழிலோ, அது காகிதத்திலும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

ஆகவே கூட்டுத் தொழில் என்று முடிவானது. அதில் சாதாரண பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பி என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையா, பிரைவேட் லிமிடெட்டா?

பிரைவேட் லிமிடெட்டை உடனே தள்ளிவிட்டோம். குறைந்த செலவில் கம்பெனி ரிஜிஸ்டர் செய்து தருகிறோம் என்று போனில் விளம்பரம் வந்துகொண்டேதான் இருக்கிறது. தொடங்கும் செலவை மட்டும் அதில் சொல்வார்கள். ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் ஆடிட் கட்டாயம். கணக்கையும் ஆண்டறிக்கையையும் தாக்கல் செய்யத் தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். வெளியிலிருந்து முதலீடு வாங்கப் போகிறவர்களுக்கு அது சரி. பத்து மெஷின் போடுகிறவர்களுக்குத் தேவையில்லை.

எல்எல்பி விஷயத்தில்தான் நிஜமாகவே யோசித்தோம், காரணம் அண்ணியின் வீடு. சாதாரண பார்ட்னர்ஷிப்பில் ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் முழுக் கடனுக்கும் பொறுப்பு. லாபத்தில் பாதிப் பங்கு என்பதால் கடனிலும் பாதி மட்டும் என்று கடன்காரரிடம் சொல்ல முடியாது. என் பெயரில் சொத்து எதுவும் இல்லை. அண்ணி பெயரில் வீடு இருக்கிறது. கடன் கொடுத்தவர் யார் வீட்டு வாசலுக்கு வருவார்? எல்எல்பியில் அந்தப் பயம் இல்லை, போட்ட முதலோடு பொறுப்பு நின்றுவிடும்.

ஆனால் எங்கள் தொழிலில் கடன் எங்கே வரும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். துணி கம்பெனியுடையது, கட்டிங் ஆகி வருகிறது. கடைக்கடன் என்றால் தையல் நூலும் ஊசியும்தான். பெரிய கடன் மெஷின் லோன். அதற்கு எல்எல்பியாக இருந்தாலும் வங்கி எங்கள் இருவரிடமும் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறது. நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது: ஷெட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் அடுத்தவர் துணி. தீப்பிடித்தால் அந்த நஷ்டம் நம் தலையில்தான் விழும். அதற்கு, நம் பொறுப்பில் இருக்கும் பிறர் சரக்கையும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்தோம். நாளைக்கு நூலும் துணியும் கடனுக்கு வாங்கிச் சொந்தமாக உற்பத்தி செய்தால் எல்எல்பிக்கு மாறுவோம். பார்ட்னர்ஷிப்பை அப்படி மாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. இப்போதைக்கு, எல்எல்பிகள்போல மே 30-க்குள் ஒரு படிவம், அக்டோபர் 30-க்குள் ஒரு படிவம் என்று ஒவ்வொரு வருஷமும் ஓடத் தேவையில்லை.

பார்ட்னர்ஷிப் என்று முடிவு செய்த பிறகு செய்யவேண்டிய முக்கியமான வேலை, அதைப் பதிவு செய்வது. கூட்டாளிகள் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று இங்கே முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லைதான். ஆனால் பதிவு செய்யாத நிறுவனம், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்துக்காக வெளியார்மேல் வழக்குப் போட முடியாது. நூறு ரூபாய்க்கு மேற்படாத சிறு வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரு டஜன் டி-ஷர்ட் தைத்த கூலிக்குக்கூட அது காணாது. என் மாமா இரண்டு பேரோடு சேர்ந்து நடத்திய யூனிட்டுக்கு ஒரு கம்பெனி லட்சக்கணக்கில் பாக்கி வைத்தது. இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். வக்கீலிடம் போனபோது அவர் முதலில் கேட்டது பதிவுச் சான்றிதழ். இவர்களிடம் இல்லை. பிறகு பதிவு செய்து புதிதாக வழக்குப் போடலாம் என்றால், பில்களுக்கு மூன்று வருஷக் காலவரம்பு தாண்டியிருந்தது.

அதனால் முதல் பில் எழுதுவதற்கு முன்பே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டோம். உத்யம் பதிவும் அப்படியே. அதற்கும் காரணம் இருக்கிறது: குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தரவேண்டியவர், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் தந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி.

பத்திரத்தில் வருமான வரிக்காக ஒரு வாசகம் அவசியம்: வேலை செய்யும் கூட்டாளிகளுக்குச் சம்பளம் எவ்வளவு என்பது. ஆடிட்டர் எங்களுக்குக் கணக்குப் போட்டே காட்டினார். வருஷ லாபம் 6 லட்சம் என்று வையுங்கள். நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. சம்பளம் பற்றிப் பத்திரத்தில் ஒன்றுமே இல்லையென்றால் 6 லட்சத்துக்கும் வரி, 1,87,200 ரூபாய். எழுதியிருந்தால், முதல் 6 லட்ச லாபத்தில் 90 சதவீதம்வரை சம்பளமாகக் கழிக்கலாம். 5,40,000 போக மீதி 60,000-க்கு வரி 18,720. எங்களுக்கு ஆளுக்கு 2,70,000 வருகிறது. வேறு வருமானம் இல்லாததால் அதற்கு வரி இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து கூட்டாளி சம்பளத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். கடையில் விற்கிற ரெடிமேட் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எழுதக் கஷ்டமாக இருந்தது இறப்பு பற்றிய பகுதி. இரண்டே பேர் உள்ள நிறுவனத்தில் ஒருவர் இறந்தால் நிறுவனம் கலைந்துவிடும். தொடரும் என்று எழுதி வைத்தாலும் பயனில்லை, ஒருவர் மட்டும் இருந்தால் அது கூட்டாண்மையே இல்லை. இதை ஆடிட்டர் சொன்னபோது அண்ணிக்கு முகம் மாறிவிட்டது. "ஏம்மா, தொழில் ஆரம்பிக்கறப்பவே சாவப் பத்தி எழுதோணுமா?"

"நீங்க இல்லாமப் போனா உங்க பணத்துக்கு நான் அண்ணன்கிட்ட என்னங்க அண்ணி பதில் சொல்லுவேன்?" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதினேன். மெஷின்களுக்கு வெளியாள் வைத்து விலை போட வேண்டும். ஆறு மாதத்துக்குள் வாரிசுகளுக்குக் கணக்கு முடிக்க வேண்டும். லோன் பாக்கியைக் கழித்துவிட்டுத்தான் பங்கு. இருப்பவர் விரும்பினால் மெஷின்களை அந்த விலைக்கே எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக ஒன்று சேர்த்தார்: அந்த வாரம் வரைக்கும் டெய்லர்களுக்கான சம்பளத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். எங்கள் பத்திரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான்.

மூன்றாவதாக ஒரு கூட்டாளி இருந்தால், ஒருவர் இறந்தாலும் மற்ற இருவரை வைத்து நிறுவனம் தொடரும்படி எழுதலாம். அண்ணன் மகளுக்கு அடுத்த வருஷம் 18 முடிகிறது. மைனராக இருக்கும்போது லாபத்தில் மட்டும் சேர்க்கலாம், முழுக் கூட்டாளியாக்க முடியாது. 18 முடிந்ததும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறேன் நான். பிகாம் முடிக்கட்டும், அதுவரை அவள் தலையில் எந்தக் கடனும் வேண்டாம் என்கிறார் அண்ணி.