கெயின் 21-இலிருந்து 12-க்கு: பாஸிவ் ப்ரீஆம்போடு எல்எம்3886

எல்எம்3886 என்ற ஆம்ப் ஐசியின் கெயினை (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை) குறைத்த கதை இது; அதற்கு முன்னால் இருப்பது பாஸிவ் ப்ரீஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்காமல் பொட்டால் (வால்யூம் கண்ட்ரோலால்) குறைக்க மட்டும் செய்வது. ஒருவழியாக வால்யூம் குமிழை முழுவதும் திருப்பியும் ஸ்பீக்கர் அலறவில்லை! இத்தனை நாளும் 9 மணி நிலையைத் தாண்ட முடியாது. இரவில் மெதுவாகக் கேட்க இன்னும் கீழே இறக்கினால் பாடகர் குரல் நடுவிலிருந்து இடப்பக்கம் ஒதுங்கிவிடும். லாக் பொட்களில் (காது உணரும் விதத்துக்கு ஏற்ப ஒலியைக் கூட்டும் வகை) இடது, வலது தடங்கள் இரண்டும் ஒத்துப்போகாத இடம் அதுதான். 100 ஹெர்ட்ஸ் சைன் போட்டு மல்டிமீட்டரில் பார்த்தபோது இடது 0.40 வோல்ட், வலது 0.33. ஒன்றரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம்!

கணக்கு இப்படி. டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) முழு அளவில் தருவது 2 வோல்ட். ±28 வோல்ட் சப்ளையில் இந்த ஐசி 8 ஓமுக்குத் தருவது சுமார் 38 வாட், அதாவது 17.4 வோல்ட். டேட்டாஷீட் சர்க்யூட்டின் கெயின் 21 என்பதால் 0.83 வோல்ட் உள்ளே போனாலே கிளிப்பிங், அதாவது அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி சிதையும்.

17.4-ஐ 2-ஆல் வகுத்தால் 8.7, இந்த டிஏசிக்கு அவ்வளவு கெயின் போதும். ஆனால் கெயின் 10-க்குக் கீழே போனால் எல்எம்3886 நிலையாக இருக்காது. கொஞ்சம் இடைவெளி விட்டு 12 என்று முடிவு செய்தேன். அடுத்த கேள்விதான் பல இரவுகளைத் தின்றது: கெயின் என்பது 1 + (20 கிலோ ÷ 1 கிலோ) என்பதால், அவுட்புட்டிலிருந்து திரும்பி வரும் 20 கிலோ ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டரைக் குறைப்பதா, கிரவுண்டுக்குப் போகும் 1 கிலோ ஓமை உயர்த்துவதா? நிறையப் பேர் முதலாவதைச் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்புட்டில் டிசியைத் தடுக்கும் கப்ளிங் கெப்பாசிட்டருக்குப் பின்னால் 22 கிலோ ஓம் இருக்கிறது. ஃபீட்பேக் 20 கிலோவாகவே இருந்தால் பயாஸ் கரண்டால் (ஐசியின் இன்புட்டுகள் இழுக்கும் சிறு கரண்ட்) வரும் வோல்டேஜ் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகி, அவுட்புட்டில் வேண்டாமல் நிற்கும் டிசி ஆஃப்செட் அடங்கியிருக்கும். அதனால் 1 கிலோவை எடுத்துவிட்டு 1.8 கிலோ, 1% மெட்டல் ஃபிலிம் போட்டேன். கெயின் 12.1. அதோடு நிற்கும் 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் கட்-ஆஃபும் (அதற்குக் கீழே பாஸ் குறையும் எல்லை) 7 ஹெர்ட்ஸிலிருந்து 4-க்கு இறங்கியது, இனாமாக. ட்வீட்டரில் காதை வைத்தால் கேட்கும் இரைச்சல் கிட்டத்தட்ட 5 டெசிபல் குறைந்துவிட்டது. தம்புரா மட்டும் ஒலிக்கும் இடங்களில் அதன் அருமை தெரிகிறது.

இப்போது கிளிப்பிங்குக்கு 1.44 வோல்ட் வேண்டும். டிஏசியின் 2 வோல்ட்டில் மீதியை அடைக்க 10 கிலோ ஓம் பொட்டுக்கு முன்னால் தடத்துக்கு ஒரு 2.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஆம்ப்பின் 22 கிலோ ஓம் லோடையும் சேர்த்தால் உச்சத்தில் வருவது அதே 1.44! குமிழ் இனி வசதியாக 10 மணிக்கு மேலே புழங்குகிறது, குரலும் நடுவிலேயே நிற்கிறது.

பாஸிவ் என்றாலே 100 கிலோ ஓம் பொட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிக்னலைப் பாதியாகக் குறைக்கும் நிலையில் அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் (அடுத்து வரும் கேபிள் காணும் எதிர்ப்பு) 25 கிலோ ஓம். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் வரும் கேபிள் 3 மீட்டர் இழுத்தால் 21 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். 10 கிலோவும் குட்டைக் கேபிளும் போதும்.

சென்னை ரிச்சி தெருவில் ரெசிஸ்டர் நூறாக வாங்கினால் மலிவு. மீட்டர் வைத்து ஜோடி பொறுக்கலாம். ஆல்ப்ஸ் நிறுவனத்தின் நீல பொட் மட்டும் எச்சரிக்கை, போலி ஏராளம். அதனால்தான் அடுத்து 24 படி ரோட்டரி ஸ்விட்சில் பொட்டுக்குப் பதிலாக ரெசிஸ்டர்களால் ஒலியைக் குறைக்கும் அட்டென்யூவேட்டரை நானே கட்டப்போகிறேன், மதிப்புகளைக்கூட எழுதியாகிவிட்டது. அதற்கு முன்னால் இந்தப் பெட்டிக்கு மூடி போட வேண்டும். வலது போர்டின் டிசி ஆஃப்செட்டை இன்னும் சூடான நிலையில் அளக்கவில்லை.