படிவத்தில் கூடிய கேள்விகள்

பிப்ரவரி 4

மருத்துவராக இருந்தவரை என் எதிரே ஒரு நேரத்தில் ஒரு நோயாளிதான் அமர்ந்திருப்பார். அவருக்குக் குணமானால் நான் கொடுத்த மருந்துதான் குணப்படுத்தியது என்று நம்பிவிடுவேன். தனி ஆளை விட்டு, மக்கள் கூட்டத்தையே எண்ணிப் பார்த்து நோயை ஆராயும் நோய்ப்பரவலியலுக்கு வந்தபின் முதலில் போனது அந்த நம்பிக்கைதான். தானாகவே தணியக்கூடிய காய்ச்சலில் கஷாயம் குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் சேர்த்து எண்ணாதவரை, அந்தக் கஷாயத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9

மக்கள் என்னென்ன மூலிகைகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்று படிவம் வைத்துக் கேட்டறியும் எங்கள் ஆய்வின் முன்னோட்ட நேர்காணல்கள் தொடங்கின. “வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்றவர், எழுந்து போகும்போது, “தினமும் ஒரு வேர்ப்பொடி மட்டும்தான்” என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் கணக்கில் அது மருந்தே அல்ல. ஆனால் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டி, உறுப்பு மாற்று நோயாளிகளின் இரத்தத்தில், புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவைக் குறைத்துவிடும் என்பதை அறிந்த எவரும் இந்த ‘மட்டும்தான்’ என்ற சொல்லை எளிதாகக் கடந்துவிட முடியாது. பொடி, கஷாயம், லேகியம், தேநீர் என்று கேள்வியைப் பிரித்து எழுதினேன். படிவம் ஒரு பக்கம் நீண்டதில் நேர்காணல் செய்பவர்களுக்கு மகிழ்ச்சியில்லை.

பிப்ரவரி 17

இன்று முழுவதும் பெல்ஜியத்தின் நிகழ்வைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் இளம் பெண்கள் சிலருக்குச் சிறுநீரகங்கள் விரைவாகச் செயலிழந்தபோது, அவர்கள் அனைவரும் உடல் எடை குறைக்க ஒரே இடத்தில் சிகிச்சை பெற்றவர்கள் என்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அங்கு தரப்பட்ட மாத்திரைகளில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற சீன மூலிகை இருந்திருக்க வேண்டும். பெயர் ஒப்புமையால் அதன் இடத்தில் அரிஸ்டோலோகியா இனச் செடி ஒன்று சேர்ந்திருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்ததோடு நிற்கவில்லை. முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் அகற்றிக்கொள்ள இசைந்த 39 பேரில் 18 பேருக்கு அங்கே புற்றுநோய் இருந்ததாக 2000இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. நாம் நன்கறிந்த ஆடுதின்னாப்பாளையும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்பது என்னை நெடுநேரம் உறுத்தியது.

பிப்ரவரி 18

நேற்று படித்ததன் விளைவாக, பங்கேற்பாளர் சொல்லும் பெயரை மட்டும் வைத்து எந்தச் செடியையும் பதிவு செய்வதில்லை என்று முடிவு செய்தோம். பொடியில் ஒரு சிட்டிகையாவது ஆய்வகத்துக்கு வர வேண்டும். வராதவை ‘அடையாளம் உறுதியாகவில்லை’ என்ற பிரிவில் சேரும். அந்தப் பிரிவு பெரிதாகத்தான் இருக்கும்.

மார்ச் 2

உடன் படித்த நண்பர், “மூலிகைக்கே எதிரியாகிவிட்டாயா?” என்று கேட்டார். அவருக்குச் சீன விஞ்ஞானி தூ யூயூவை நினைவூட்டினேன். ஆர்ட்டிமீசியா அனுவா என்ற மூலிகையின் சாறு மலேரியாவுக்கு எதிராக ஒரு சோதனையில் பலித்து அடுத்ததில் பலிக்காமல் போனபோது, அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்ன நான்காம் நூற்றாண்டுச் சீன நூலின் வரியில் கொதிக்கவைக்கும் பேச்சே இல்லாததை தூ யூயூ கவனித்தார். குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்தபின்தான் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்கு வழி திறந்தது. 2015இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நண்பருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் படிவத்தின் குறை எனக்குத் தெரிந்துவிட்டது. இரவே இன்னொரு கேள்வியைச் சேர்த்தேன்: காய்ச்சியதா, ஊறவைத்ததா, பச்சையாக அரைத்ததா?