15 வயதில் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனேன்

"பாசம் காட்டினா பிள்ளை தானா மாறிடும்" என்று, பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளைகளைத் தத்தெடுக்காமல் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வளர்ப்புக் குடும்பங்களைப் பற்றிப் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் இருந்த வீடுகளில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் எதுவும் நிலைக்கவில்லை. கடைசியாகப் போன வீட்டில்தான் ஒட்டிக்கொண்டேன். காரணம், எனக்கு நடக்கப்போவதை அங்கே முன்கூட்டியே சொன்னார்கள்.

அதற்கு முன் எல்லாமே திடீர்தான். பள்ளி விட்டு வந்தால் வாசலில் கார் நிற்கும். என் துணிமணி பிளாஸ்டிக் பையில் தயாராக இருக்கும். "இன்னிக்கு ராத்திரி வேற வீடு" என்பார் சமூகப் பணியாளர். இப்படியே பழகியவன் புது இடத்தில் பையைப் பிரிக்கவே மாட்டான். கதவை உதைப்பான், வாய்க்கு வந்த பொய்யைச் சொல்வான். கோப்பில் 'நடத்தைப் பிரச்சினை' என்று ஏறிவிடும். அடுத்த வீடு என்னைப் பார்க்கும் முன்பே அந்தக் கோப்பைப் பார்த்துவிடும்.

இங்கேயும் முதல் சில வாரம் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். எங்களைப் போன்ற பிள்ளைகள் கொஞ்சம் பழகிய பிறகுதான் உரசிப் பார்ப்போம். தலையணைக்கு அடியில் நான் பதுக்கிய பிஸ்கட்டுக்கு எறும்பு வந்துவிட்டது. ஆன்ட்டி மூடி போட்ட டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "இது உன்னுது. தீர்ந்தா சொல்லு, நிரப்பித் தரேன். உன்னைக் கேக்காம யாரும் திறக்க மாட்டோம்." நம்பாமல் தினமும் எண்ணிப் பார்த்தேன். எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. பசி பார்த்த பிள்ளை பதுக்குவது பயத்தில். அலமாரியைப் பூட்டினால் அது இன்னும் கூடும்.

அம்மாவைச் சந்தித்துவிட்டு வந்த ஒருநாள் மாலை, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டேன். அங்கிள் போன் செய்தார். "எங்க இருக்கேன்னு சொல்ல இஷ்டமில்லைன்னா விடு. பத்து மணிக்குள்ள வரலைன்னா போலீசுக்கும் குழந்தைகள் நல ஆபீசுக்கும் நான் சொல்லியாகணும், அது விதி. சொன்னதும் உனக்கும் தெரியப்படுத்துறேன்." பத்து மணி தாண்டியதும் மெசேஜ் வந்தது: "சொல்லிட்டேன். கதவைத் தாழ் போடல." நடுராத்திரிக்கு மேல்தான் திரும்பினேன். மறுநாள் சமூகப் பணியாளர் வருவதற்கு முன், அவரிடம் என்னென்ன சொல்லப்போகிறார் என்பதை அங்கிள் முதலில் என்னிடம் சொன்னார். அவர் வந்ததும் ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் எதுவும் பேசாத பெரியவரை அன்றுதான் பார்த்தேன்.

அவர்களாலும் முடியாதவை உண்டு. வளர்ப்புப் பெற்றோருக்குச் சட்டப்படியான பாதுகாவலர் உரிமை பொதுவாக இருக்காது. பள்ளிச் சுற்றுலாவுக்குக்கூட அலுவலகத்திலிருந்து கையெழுத்து வர வேண்டும். அது வருவதற்குள் பஸ் போய்விடும்!

என் நிலைமையை அவ்வப்போது அலசும் ஆய்வுக் கூட்டங்களில் பெரியவர்கள் பேசுவார்கள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளையைப் பாதிக்கும் விஷயத்தில் அதன் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 12ஆம் பிரிவில். ஆன்ட்டி அதைச் சொல்லி, எனக்கு வேண்டியதை எழுதித் தரச் சொன்னார். கூட்டத்தில் நானும் உட்கார வேண்டும், தங்கையை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். முதலாவது உடனே கிடைத்தது. தங்கை விஷயம் இழுத்தடித்தது. உடன்பிறந்தவர்களின் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்று 2009இல் ஐ.நா. பொதுச்சபை வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. இருந்து என்ன, யாராவது விடாமல் கேட்க வேண்டும். ஆன்ட்டி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். கடைசியில் தங்கையைப் பார்க்கும் தேதிகள் எழுத்தில் வந்தன.

18 முடிந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வருடம் முன்பே உட்கார்ந்து பேசினோம். என்னைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு வரும் உதவித்தொகை நிற்கும், அறை எனக்கே இருக்கும், வேலைக்குப் போனதும் கரண்ட் பில்லில் பங்கு தர வேண்டும் என்றார் அங்கிள். எவ்வளவு என்று பேரம் பேசினேன். அவர் மசியவில்லை.