கொடிமலையில் பேச்சு நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பினாங்கில் இன்னும் விடிந்திருக்காது. தாவரவியல் பூங்காவின் வாசலருகே, தெருவிளக்கின் கீழே, மாமாவும் அவருடைய மலைக்கூட்டாளிகள் நால்வரும் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஐவரும் அறுபதைத் தாண்டியவர்கள். முதல்நாள் இரவுதான் கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியிருந்த நான், கூட்டத்திலேயே இளையவன் என்ற தெம்பில் இருந்தேன். முதல் அரை மணி நேரத்திலேயே அந்தத் தெம்பு கழன்றுவிட்டது.

நாங்கள் ஏறவிருந்த மலைக்கு ஊர் வாயில் கொடிமலை என்று பெயர். மலாயில் புக்கிட் பெண்டேரா. மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். பூங்கா வாசலிலிருந்து மேலே செல்லும் ஜீப் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான் என்றாலும், சில வளைவுகளில் குதிகால் தரையில் படாத அளவுக்குச் செங்குத்தாக எழும்புகிறது. மாமாவின் கூட்டத்திற்கு ஒரே ஒரு விதி உண்டு: ஏறும்போது பேச்சு நிற்கக் கூடாது. கிளினிக்கில் மிஸி (தாதி) ஒருவர் சொல்லிக்கொடுத்ததாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் இதயத்திற்கு வேண்டிய மிதமான வேகம். பாட்டு வந்தால் சோம்பேறித்தனம், பேச்சே வராவிட்டால் வேகம் மிஞ்சிவிட்டது என்று பொருள். கையில் கட்டும் கருவி எதுவும் இல்லாமல் மருத்துவர்களும் பரிந்துரைக்கும் அளவுகோல் இது.

பேச்சு முழுவதும் உடம்பைப் பற்றியே இருந்தது. யாருக்கு இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எவ்வளவு, யாருடைய கால் இரவில் எரிகிறது, யாருக்கு மாத்திரையை மாற்றினார்கள் என்பதெல்லாம் ஒளிவுமறைவின்றி வெளிவந்தது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் மிக அதிகம். அந்த ஐவரில் மூவருக்கு இனிப்பு நீர் இருந்ததால், எனக்கு அந்தக் கணக்கு வெறும் எண்ணாகப் படவில்லை. மருத்துவரின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் "எல்லாம் சரிதான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருபவர்கள், மூச்சு வாங்கும் ஏற்றத்தில் உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பாதையைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் வரும் துணிச்சலாக இருக்கலாம்.

ஆனால் மலைப்பேச்சு எல்லாமே மருந்தில்லை. பூனைமீசை இலையைக் காய்ச்சிக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பாகற்காய்ச் சாற்றுக்கு இன்னொருவர் சாட்சி சொன்னார். மாமா ஆசிரியராக இருந்தவர் என்பதால், "குடிங்க, மாத்திரையையும் போடுங்க" என்று பழைய மாணவனிடம் பேசுவதுபோல் முடித்துவைத்தார். மரக்கிளையில் லோத்தோங் குரங்குகள் இரண்டு, கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையத்தோடு, மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர்களைப்போல் இந்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தன.

எல்லாரும் '84' என்று அழைக்கும் ஓய்விடத்திற்குச் சற்று முன்பு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணன் பேசாமல் வருவதை மாமாதான் முதலில் கவனித்தார். அதுவரை அதிகம் பேசியவர் அவர்தான். "என்ன அண்ணே, சத்தத்தையே காணோம்?" என்றதற்கு, சம்பந்தமில்லாமல் "நாளைக்கா?" என்றார். சட்டை முழுவதும் வியர்வை, விரல்களில் நடுக்கம். எங்கள் எல்லாருக்கும் சட்டை நனைந்துதான் இருந்தது, எல்லாருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. மலையேற்றத்தில் இதுதான் ஆபத்து: இரத்தத்தில் சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகளும் ஏற்றத்தின் களைப்பும் ஒரே முகத்தோடு வருகின்றன. பேச்சு குழறுவதும் நின்றுபோவதும்தான் வேற்றுமையைக் காட்டிக்கொடுத்தன.

பாதையோரக் கல்லில் அவரை உட்காரவைத்து விரலைக் குத்திப் பார்த்தபோது சர்க்கரை பார்க்கும் கருவி லிட்டருக்கு 3.1 மில்லிமோல் என்று காட்டியது. நான்குக்குக் கீழே போனாலே தாழ்நிலை. மாமாவின் பையில் ஒரு சிறிய புட்டியில் சீனி இருந்தது. மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம் அளவு, தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி 15 நிமிடங்கள் காத்திருந்தோம். அந்தக் கால் மணி நேரத்தில் யாரும் எதுவும் பேசவில்லை. சீனித் தண்ணீர் குடித்த உதட்டோரத்தில் எறும்பு ஒன்று ஏறியது. அதைத் தட்டிவிட அவர் தாமாகவே கையைத் தூக்கியதும் மாமா பெருமூச்சு விட்டார். மறுபடியும் பார்த்தபோது 4.6. உடனே காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி இரண்டு துண்டுகளைச் சாப்பிடவைத்தோம், ஏனெனில் சீனி ஏற்றியது நெடுநேரம் தங்காது.

விசாரித்ததில், காலையில் கிளிக்லசைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் தே-ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர், குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். மலை ஏறினால் சர்க்கரை குறையும், அதில் எதற்குச் சாப்பாடு என்று நினைத்தாராம். அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும்; உழைக்கும் தசைகளும் தம் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்; வயிற்றிலிருந்து வரவு எதுவும் இல்லை. மெட்ஃபோர்மின் என்ற இன்னொரு நீரிழிவு மாத்திரையை மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி நேர்வது அரிது. இந்த வேறுபாட்டை அவருக்கு முன்பு யாராவது சொல்லியிருக்கலாம், சொன்னபோது அவர் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சீனிப் புட்டியே இல்லாமல் மலைக்கு வந்த என்மேல்தான் வெட்கம் வந்தது.

எல்லாரும் திரும்பி இறங்கினோம். இறக்கம் எளிது என்று நினைப்பவர்கள் மறுநாள் மாடிப்படி இறங்கிப் பார்க்கட்டும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால்தான் அந்த வலி வருகிறது. எனக்கு இரண்டு நாள் நீடித்தது.

உச்சியைப் பார்க்காமல் என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்ப மாமாவுக்கு மனமில்லை. மாலையில் ஆயர் ஈத்தாமிலிருந்து மலை இரயிலில் ஏறினோம். 1923இல் ஓடத் தொடங்கிய தடம் அது; இப்போதுள்ள பெட்டிகள் 2011இல் வந்தவை. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தூரத்தைச் சில நிமிடங்களில் கடந்து, கீழே இருப்பதைவிட ஐந்து டிகிரி அளவுக்குக் குளிர்ந்த காற்றில் நம்மை இறக்கிவிடுகிறது. இரயில் வருவதற்கு முன்பு வெள்ளைக்காரத் துரைகள் கூலிகளின் தோளில் நாற்காலியில் அமர்ந்து இங்கே உடம்பு தேற வந்தார்கள். மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பிய காலம். கொசுவே காரணம் என்று ரொனால்ட் ரோஸ் 1897இல் இந்தியாவில் கண்டறியும்வரை மலைக்காற்றுதான் வைத்தியம். நலம் பெற வந்தவர்கள் ஏறாமலேயே ஏற, சுமந்தவர்கள்தாம் உண்மையான உடற்பயிற்சி செய்தார்கள் என்று மாமா சொல்லிச் சிரித்தார்.

அருளொளி திருமுருகன் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துப் பள்ளிவாசலைத் தாண்டி, ஜார்ஜ் டவுனின் விளக்குகள் தெரியும் கைப்பிடிச் சுவருக்கு வந்தோம். மாமா கைப்பேசியை எடுத்து அந்த அண்ணனை அழைத்தார்.

"இப்ப எவ்வளவு காட்டுது? என்ன சாப்பிட்டீங்க?"

பதில் நீண்டுகொண்டே போனது. குழம்பு, மருமகள், அடுத்த ஞாயிறு என்று துண்டு துண்டாக எனக்கும் கேட்டது. மாமா தலையாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கும் வண்டிக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்ததால், நான் வரிசையில் இடம் பிடிக்கப் போனேன்.